வேலைக்குப் பழைய லோடு வண்டி: வேலூர்ப் பக்கத்தில் பார்த்து வாங்கும் முறை

பைக்கில் ஏணி, டேங்க்மேல் டூல் பை, பின்னால் பைப் கட்டிக்கொண்டு ஓடும் பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர், தச்சர், சென்ட்ரிங் மேஸ்திரி, போர் மோட்டார் மெக்கானிக் ஆகியோருக்கான குறிப்பு இது. முதன்முதலாக நான்கு சக்கர லோடு வண்டி எடுப்பவரை மனத்தில் வைத்து எழுதியது. புது வண்டி பற்றி இதில் இல்லை.

பெரும்பாலோர் என்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு விலை பேசுகிறார்கள், பேப்பரைக் கடைசியில் பார்க்கிறார்கள். வரிசை இதற்கு நேர் எதிராக இருக்கவேண்டும். என்ஜின் போனால் காசு கொடுத்துச் சரிசெய்யலாம். அரித்துப்போன சேஸையும் (வண்டியின் அடிச்சட்டம்) பெயர் மாறாத ஆர்.சி.யையும் (பதிவுச் சான்று) எந்த மெக்கானிக்கும் சரிசெய்து தரமாட்டார்.

1. வண்டியைத் தேடுமுன் எடையைக் கணக்குப் போடுங்கள்

தினமும் என்ன ஏற்றுவீர்கள், மாதத்தில் ஒருநாள் அதிகபட்சம் என்ன ஏற்றுவீர்கள் என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். சிமெண்ட் மூட்டை 50 கிலோ. 12 மி.மீ. கம்பி 40 அடி நீளம் ஒன்று ஏறக்குறைய 10.7 கிலோ. 19 மி.மீ. பிளைவுட், 8-க்கு 4 ஷீட் ஒன்று 35 கிலோவை ஒட்டி வரும். மணல் ஒரு கன அடி 45 கிலோ அளவில்.

போர் மோட்டார் வேலைக்காரர்களுக்கு ஒரு கணக்கு: 600 அடி ஆழத்தில் ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. பைப் இறக்கியிருந்தால், 20 அடி நீளத்தில் 30 பைப். ஒன்று கிட்டத்தட்ட 19 கிலோ. பைப் மட்டுமே 570 கிலோ. மோட்டார், கேபிள், செயின் பிளாக், கிளாம்ப், இரண்டு ஆள் எல்லாம் சேர்ந்தால் 750 கிலோ வண்டிக்கு அதுவே முழு லோடு. இவர்கள் குட்டி யானை (டாடா ஏஸ்) வாங்கினால் முதல் நாளிலிருந்தே ஓவர்லோடுதான்.

மாதத்தில் ஒருநாள் வரும் பெரிய லோடுக்காகப் பெரிய வண்டி எடுக்காதீர்கள். அன்றைக்கு வாடகை வண்டி பிடிப்பது மலிவு. தினசரி லோடு, வண்டியின் ஏற்றும் திறனில் முக்கால் பங்குக்குள் இருந்தால் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), டயர், பிரேக் எல்லாம் நீடிக்கும்.

நீளத்தையும் பாருங்கள். ஏஸ் வண்டியின் டெக் (சரக்கு ஏற்றும் தளம்) 7 அடிக்குச் சற்று மேல், தோஸ்த் 8 அடிக்குச் சற்று மேல், பொலேரோ பிக்கப் மாடலைப் பொறுத்து 8 முதல் 10 அடி. பிளைவுட் ஷீட் 8 அடி என்பதால் தச்சருக்கு ஏஸில் பின் கதவு மூடாது. 20 அடி பைப் இவற்றில் எதிலுமே அடங்காது. மேலே ஸ்டாண்டு அடித்து முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு போவது நம் ஊரில் சாதாரணக் காட்சிதான். ஆனால் பாடியைவிட்டு லோடு வெளியே நீண்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம் என்று இருக்கிறது. 20 அடிச் சரக்கைக் கடைக்காரரின் வண்டியிலேயே சைட்டுக்கு இறக்கச் சொல்லிவிடுங்கள். பி.வி.சி., சி.பி.வி.சி. என்றால் 3 மீட்டர் நீளமாகக் கேட்டு வாங்குங்கள்.

ஆள் கணக்கு வேறு. ஏஸில் டிரைவருடன் ஒருவர், தோஸ்த்தில் டிரைவருடன் இருவர். பின்னால் டெக்கில் ஆளை உட்காரவைத்துப் போய் விபத்து நடந்தால் அந்த ஆளுக்கு இன்சூரன்ஸ் பதில் சொல்லாது, நஷ்ட ஈடு உங்கள் தலையில் விழும். எப்போதும் இரண்டு ஹெல்பரோடு போகிறவர் கேபின் சீட்டை வைத்தே வண்டியை முடிவுசெய்யலாம்.

லைசென்ஸ் பற்றிக் குழம்பவேண்டாம். 7,500 கிலோ மொத்த எடைக்குள் உள்ள சரக்கு வண்டியைச் சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வண்டி) லைசென்ஸில் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது. வணிக வண்டி ஓட்டத் தனியாக வாங்கும் பேட்ஜ் தேவையில்லை.

2. எந்த வண்டி யாருக்கு

எலக்ட்ரீஷியன், ஏ.சி. மெக்கானிக், பெயின்டர், சின்ன பிளம்பிங் காண்டிராக்டர்: டாடா ஏஸ் அல்லது மாருதி சூப்பர் கேரி போதும். லாங்கு பஜார், தோட்டப்பாளையம் சந்துகளில் திரும்ப இதைவிடப் பெரியது வேண்டாம். பழைய டீசல் ஏஸ் இரண்டு சிலிண்டர், 702 சி.சி.; உதிரிப் பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கைவைப்பார். இழுவை குறைவு. ஒடுகத்தூர் தாண்டி ஜவ்வாதுமலைப் பக்கம் வேலை பிடிக்கிறவருக்கு இது சரிப்படாது. சூப்பர் கேரி பெட்ரோல் 740 கிலோ ஏற்றும். சி.என்.ஜி. வண்டியில் சிலிண்டர் எடை போக 625 கிலோதான், அதை மறந்துவிடாதீர்கள். சி.என்.ஜி. சிலிண்டருக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) உண்டு. அந்தச் சான்று இல்லாத வண்டியில் செலவையும் அலைச்சலையும் விலையில் கழியுங்கள்.

வெல்டிங் ஷாப், சென்ட்ரிங், டைல்ஸ், போர் மோட்டார்: அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா இன்ட்ரா வி30, பொலேரோ பிக்கப். தோஸ்த் ஆரம்ப மாடல் ஒன்றேகால் டன், தோஸ்த் பிளஸ் ஒன்றரை டன். பிக்கப் மாடலைப் பொறுத்து 1.3 முதல் 2 டன் வரை. பிக்கப் என்ஜின் 2.5 லிட்டர், அடி தாங்கும், மேடு ஏறும், டீசலும் அதற்கேற்பக் குடிக்கும். ஊருக்குள் மட்டுமே ஓட்டம் என்றால் பிக்கப் வீண்செலவு என்பது எங்கள் கருத்து. தோஸ்த் போதும்.

இன்னொரு கோடு 3,000 கிலோ. ஆர்.சி.யில் மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை. பெரிய பிக்கப் மாடல்கள் சில இதைத் தாண்டும். அப்போது பெர்மிட், அதன் புதுப்பித்தல், அதன் பெயர் மாற்றம் என்று மூன்று வேலை கூடும்.

பி.எஸ்.4, பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதியின் தலைமுறைகள்) தேர்வு: 2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவானவை பி.எஸ்.6. டீசல் பி.எஸ்.6-இல் புகை வடிகட்டி இருக்கும். சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி, காட்பாடியிலிருந்து பாகாயம் என்று நாளெல்லாம் நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டம் மட்டும் ஓடினால் அந்த வடிகட்டி சூடாகிச் சுத்தமாகாமல் அடைத்துக்கொள்ளும். குறும்பாதை ஓட்டத்துக்கு பி.எஸ்.6 பெட்ரோல், அல்லது நல்ல பி.எஸ்.4 டீசல். ஆம்பூர், ஆற்காடு, ஆரணி என்று நீண்ட ஓட்டம் இருந்தால் பி.எஸ்.6 டீசலில் தொல்லையில்லை.

ஆம்னி, ஈகோ போன்ற வெள்ளை போர்டு (சொந்த உபயோக) வேனை வாங்கி சீட்டைக் கழற்றிச் சரக்கு ஏற்றும் யோசனை பலருக்கு வரும். வரி குறைவு, எஃப்.சி. (தகுதிச் சான்று) தொல்லை இல்லை என்பார்கள். பயணி வண்டியில் சரக்கு ஏற்றுவது ஆர்.சி. வகைக்கே மாறானது. விபத்தில் கிளெய்ம் மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அதுவே போதும். டூல் பெட்டியும் வயரும் மட்டும் கொண்டுபோகிறவருக்குச் சரி, சரக்குக்கு வேண்டாம்.

3. நேரில் போகுமுன் நம்பரை வாங்கிப் பாருங்கள்

வண்டி நம்பர் கிடைத்ததும் எம்-பரிவாகன் செயலியில் போட்டால் பாதி விஷயம் வீட்டிலேயே தெரிந்துவிடும். பார்க்கவேண்டியவை: பதிவான தேதி, எத்தனையாவது ஓனர், எஃப்.சி. முடியும் தேதி, இன்சூரன்ஸ், வரி, புகைச் சான்று, ஃபைனான்ஸ் பதிவு (வண்டிமேல் கடன்) இருக்கிறதா, பாடி வகை என்ன. இ-சலான் பக்கத்தில் நிலுவை அபராதத்தையும் பாருங்கள்.

இதில் எஃப்.சி. தேதிதான் விலையின் சாவி. 8 ஆண்டுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும் எஃப்.சி. எஃப்.சி. வருவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால்தான் பல வண்டிகள் விற்பனைக்கு வருகின்றன. டிங்கரிங், பெயின்ட், பிரேக், லைட், ஒளிரும் பட்டை, ஸ்பீடு கவர்னர் சான்று என்று எஃப்.சி. வேலைக்கு 20 ஆயிரத்திலிருந்து 40 ஆயிரம்வரை எளிதில் போகும். ஏற்கெனவே காலாவதியான வண்டி என்றால் தாமதக் கட்டணம் வேறு நாள் கணக்கில் ஏறியிருக்கும். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. கட்டணமே பல மடங்கு. அதனால் 12, 13 வயது வண்டி மலிவாகக் கிடைத்தாலும் எத்தனை வருடம் ஓட்டப் போகிறீர்கள் என்று கணக்குப் போடுங்கள். 7 ஆண்டு தாண்டினால் பசுமை வரியும் உண்டு.

நம்பர் போர்டு சொல்லும் செய்தி: டி.என். 23 வேலூர், 73 ராணிப்பேட்டை, 83 வாணியம்பாடி, 25 திருவண்ணாமலை, 97 ஆரணி. தமிழ்நாட்டு வண்டி எதுவானாலும் உங்கள் முகவரிக்குரிய அலுவலகத்தில் பெயர் மாற்றலாம். சென்னை நம்பர் என்றால் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று ஒரு கண் வையுங்கள்: சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் சேற்றுக் கறை, டேஷ்போர்டு அடியில் வயர் கனெக்டரில் பச்சைக் களிம்பு.

சித்தூர் நமக்குப் பக்கம் என்பதால் ஏ.பி. 03, ஏ.பி. 39 வண்டிகள் காட்பாடிப் பக்கம் நிறைய விலைக்கு வரும். அதே மாடல் தமிழ்நாட்டு வண்டியைவிடக் குறைவாகச் சொல்வார்கள். அந்த வித்தியாசம் எங்கே போகிறது என்றால், அங்கே படிவம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே படிவம் 27-இல் மறுபதிவு, இங்குள்ள வரி, புது நம்பர் போர்டு. என்.ஓ.சி. கைக்கு வந்த பிறகுதான் முழுப் பணம் என்ற நிபந்தனையில் மட்டும் ஆந்திரா, கர்நாடக வண்டியைப் பேசுங்கள். ‘ஓட்டிக்கிட்டே இருங்க, யாரும் கேக்க மாட்டாங்க’ என்று புரோக்கர் சொல்வார். கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்டில் கேட்பார்கள்.

4. ஆர்.சி.யில் யார் பெயர்?

விற்பவரும் ஆர்.சி.யில் உள்ளவரும் ஒரே ஆளா என்பதை ஆதார் அட்டையோடு ஒப்பிடுங்கள். கன்சல்டிங் கடைகளில் (பழைய வண்டி விற்கும் கடை) முன் ஓனரின் கையெழுத்து போட்ட வெற்றுப் பெயர் மாற்றப் படிவம் 29, 30 வைத்திருப்பார்கள். இப்போது பெயர் மாற்ற விண்ணப்பத்துக்குப் பழைய ஓனரின் செல்போனுக்கு ஓ.டி.பி. போகிறது. அவர் நம்பரை மாற்றியிருந்தால், போனை எடுக்காவிட்டால், கையெழுத்து இருந்தும் வேலை நடக்காது. பேச்சு முடியுமுன்பே அந்த ஓனருக்கு உங்கள் கண்முன்னால் போன் போடச் சொல்லுங்கள்.

ஓனர் இறந்திருந்தால் முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31-இல் மாறவேண்டும், வாரிசுச் சான்று வேண்டும். ஒரு வாரிசு கையெழுத்துப் போட்டால் போதும் என்று யார் சொன்னாலும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தையும் கேளுங்கள்.

ஃபைனான்ஸ் பதிவு உள்ள வண்டியே அதிகம். கடன் முடிந்திருந்தால் கம்பெனியின் என்.ஓ.சி.யும் கடன் பதிவை நீக்கக் கையெழுத்திட்ட படிவம் 35-ம் இருக்கவேண்டும். என்.ஓ.சி.யில் தேதியைப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டினால் பெரும்பாலும் புதிதாக வாங்கச் சொல்வார்கள். கடன் பாக்கி இருந்தால் பாக்கித் தொகையை நீங்களே கம்பெனிக் கணக்கில் நேராகக் கட்டி ரசீது வாங்குங்கள். ‘நான் கட்டிக்கிறேன்’ என்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

தவணை கட்டாததால் ஃபைனான்ஸ் கம்பெனி சீஸ் செய்த வண்டியை யார்டில் ஏலத்தில் எடுப்பதானால் விலை நன்றாகவே குறையும். அங்கே ஓட்டிப் பார்க்க முடியாது. பேட்டரி இருக்காது, சாவி ஒன்றுதான் இருக்கும். பழைய ஓனர் ஆர்.சி.யைத் தராததால் படிவம் 36 வழியாக முதலில் ஃபைனான்ஸ் பெயருக்கு ஆர்.சி. மாறி, பிறகு உங்கள் பெயருக்கு வரும். இரண்டு மூன்று மாதம் வண்டி நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் வேலைக்கு வண்டி வேண்டும் என்கிறவர் இந்தப் பக்கம் போகவேண்டாம்.

5. சேஸும் டெக்கும்

பகல் வெளிச்சத்தில், வண்டி காய்ந்திருக்கும்போது பாருங்கள். மழையில் நனைந்த பெயின்ட்டும் சாயங்கால வெளிச்சமும் எல்லா வண்டியையும் அழகாகக் காட்டும்.

முதல் கேள்வி: இது முன்பு என்ன ஏற்றியது? நம் பகுதியில் இந்தக் கேள்விக்குத் தனி மதிப்பு உண்டு. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர்த் தோல் ஷாப்புகளுக்கு ஓடிய வண்டியில் உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏறியிருக்கும். உப்புத் தண்ணீர் டெக் தகட்டின் ஜாயின்ட் வழியாகச் சொட்டி, குறுக்குச் சட்டத்திலும் சேஸின் மேல்பக்கத்திலும் உட்கார்ந்து அரிக்கும். மேலே புதுத் தகடு அடித்து பெயின்ட் போட்டிருப்பார்கள். கீழே படுத்துப் பார்த்தால்தான் தெரியும். மீன் ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டியும் இப்படித்தான். தண்ணீர் கேன் வண்டியில் துரு சற்றுக் குறைவு, ஆனால் ஓவர்லோடு அதிகம். காய்கறி வண்டி, பால் வண்டி இரண்டும் டெக் நன்றாக இருக்கும், கிலோமீட்டர்தான் எக்கச்சக்கமாக ஓடியிருக்கும். கடைக்காரர் சொந்தச் சரக்குக்கு வைத்திருந்த வண்டி கிடைத்தால் ஐந்து பத்தாயிரம் கூடக் கொடுக்கலாம்.

கையில் ஒரு ஸ்குரூ டிரைவர், டார்ச், பழைய துணி, பென்சில், வெள்ளைத்தாள் கொண்டுபோங்கள். சேஸ் நெடுக ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். கெட்டியான ஓசை வரவேண்டும். மொத்தையாகக் கேட்டால், துரு பொரிந்து உதிர்ந்தால், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். பின் பட்டை சேஸில் மாட்டும் பிராக்கெட்டைச் சுற்றி விரிசல், வெல்டிங் ஒட்டு, கூடுதல் பிளேட் இருக்கிறதா பாருங்கள். ஒட்டுப் போட்ட சேஸை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

பின் பட்டையில் எத்தனை இலை என்று எண்ணி, அதே மாடல் வேறு வண்டியோடு ஒப்பிடுங்கள். கூடுதல் இலை போட்டிருந்தால் தொடர்ந்து ஓவர்லோடு ஓடியது. அப்படிப்பட்ட வண்டியில் ஆக்ஸில், ஹவுசிங், பேரிங் எல்லாமே களைத்திருக்கும்.

சேஸ் நம்பர் பஞ்ச் அடித்த இடத்தைத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுங்கள். ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தவேண்டும். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட், கிரைண்டர் தடம் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

பாடி வகையும் ஒரு வலை. ஆர்.சி.யில் திறந்த டெக் என்றிருக்க, வண்டியில் மூடிய பெட்டி கட்டியிருந்தால் அது அனுமதியில்லாத மாற்றம். எஃப்.சி.யில் தடுப்பார்கள்.

6. என்ஜின், கிளட்ச், அடிப்பாகம்

முதல் நாளே சொல்லிவிடுங்கள்: ‘காலையில நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க.’ போனதும் பானெட்டில் அல்லது சீட்டுக்கு அடியில் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்கவேண்டும். சூடாக இருந்தால் காலை ஸ்டார்ட்டிங் பிரச்சினையை மறைக்கிறார்கள்.

ஸ்டார்ட் செய்தபின் புகை: நீலம் என்றால் ஆயில் எரிகிறது, ரிங் அல்லது வால்வ் சீல். கருப்பு, இன்ஜெக்டர், பம்ப், அடைத்த ஏர் ஃபில்டர்; இதில் செலவு சிறியதாகவும் இருக்கலாம், பெரியதாகவும் இருக்கலாம். வெள்ளை சூடான பின்பும் நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை பொங்கிக்கொண்டு வந்தால் பேக் கம்ப்ரஷன், என்ஜின் வேலை நெருங்கிவிட்டது. இரண்டு சிலிண்டர் ஏஸுக்கே முழு வேலை 40 ஆயிரத்தைத் தாண்டும். ரேடியேட்டர் மூடியை என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறந்து, தண்ணீரில் ஆயில் மிதக்கிறதா பாருங்கள். கூலன்ட் இல்லாமல் வெறும் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருந்தால் உள்ளே உப்புப் படிந்திருக்கும். சித்திரை வைகாசி வெயிலில் லோடோடு போகும்போது அந்த வண்டிதான் கொதித்து நிற்கும்.

கிளட்சுக்கு எளிய சோதனை: கை பிரேக் போட்டு மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். என்ஜின் நின்றுவிடவேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது.

முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிங் பின் அல்லது பேரிங். பக்கவாட்டில் ஆடினால் ஸ்டீயரிங் டை ராடு. டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் தயாரித்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் ஆறேழு வருட டயர் லோடுக்கு ஆகாது. சின்ன வண்டிக்கே நான்கு டயர் மாற்ற 15 ஆயிரத்துக்கு மேல் ஆகும்.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்பவேண்டாம். பெடல் ரப்பர், ஸ்டீயரிங் பிடி, டிரைவர் சீட் குழி மூன்றும் சொல்வதே உண்மைக் கணக்கு.

7. லோடோடு ஓட்டிப் பாருங்கள்

காலி வண்டி எல்லாமே நன்றாக ஓடும். விற்பவர் சம்மதித்தால் 400, 500 கிலோ ஏற்றிக்கொள்ளுங்கள். எட்டுப் பத்து சிமெண்ட் மூட்டை போதும், தெரிந்த கடையில் கேட்டால் ஏற்றித் தருவார்கள். மறுத்தால் ஆட்களையாவது கேபின் நிறைய உட்காரவையுங்கள்.

காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பினால் கிளட்சும் கை பிரேக்கும் தெரியும். பிறகு கிரீன் சர்க்கிளிலிருந்து பள்ளிகொண்டா திசையில் ஆறுவழிச்சாலைக்குப் போய் 60-இல் ஓட்டி, ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டு மிதியுங்கள். விடும்போது ஊளைச் சத்தம் வந்தால் க்ரவுன் (பின் ஆக்ஸில் பல்சக்கரம்). கிளம்பும்போது ‘டக்’ என்று அடித்தால் ஷாஃப்ட் கிராஸ், இது மலிவு வேலை. கியர் தானாக விடுபட்டு நியூட்ரலுக்கு வந்தால் கியர்பாக்ஸ் இறக்கவேண்டும். அரைமணி ஓட்டிவிட்டு நிறுத்தி நான்கு சக்கர டிரம்மையும் கையருகே வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மெக்கானிக்கைக் கூட்டிப்போவது நல்லது. விற்பவர் சொன்ன மெக்கானிக் வேண்டாம். அரைநாள் கூலி கொடுத்து உங்கள் ஆளை அழைத்துப்போங்கள்.

8. விலையும் கடனும்

விலை பேசும்போது மொத்தமாக ‘குறைங்க’ என்று கேட்டால் இரண்டாயிரம் குறையும். எஃப்.சி. வேலை இவ்வளவு, டயர் இவ்வளவு, இன்சூரன்ஸ் இவ்வளவு, நிலுவை வரி இவ்வளவு என்று எழுதிக் காட்டிக் கழித்தால் பேச்சு வேறு மாதிரி போகும். ஆடியிலும் மார்கழியிலும் வண்டி எடுக்க ஆள் குறைவு. நல்ல நாள் பார்க்காதவருக்கு அதுதான் நல்ல நேரம். ஆயுத பூஜைக்கு முந்தின மாதம் விலை இறங்காது.

கடன் வாங்கினால் வட்டி பிளாட்டா, குறையும் பாக்கிக்கா என்று முதலில் கேளுங்கள். 3 லட்சம், 12 சதவீதம் பிளாட், 36 மாதம் என்றால் வட்டி மட்டும் 1,08,000, மாதத் தவணை 11,333. இது குறையும் பாக்கிக் கணக்கில் ஆண்டுக்கு 21 சதவீதம். செயல்முறைக் கட்டணம், பத்திரச் செலவு, கட்டாய இன்சூரன்ஸ் என்று முன்கூட்டிப் பிடிப்பது போகக் கையில் எவ்வளவு வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

9. பணம் கொடுக்கும் நாளும் பெயர் மாற்றமும்

டோக்கன் அட்வான்ஸ் ஐந்தாயிரம் பத்தாயிரத்துக்கு மேல் வேண்டாம். ரசீதில் வண்டி நம்பர், பேசிய விலை, பாக்கி எந்தப் பேப்பர் வந்தால் கொடுப்பது என்பது இருக்கட்டும். முடிந்தவரை வங்கி வழியாகவே கொடுங்கள்.

அன்று கைக்கு வரவேண்டியவை: அசல் ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி ரசீது, புகைச் சான்று, படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, ஃபைனான்ஸ் இருந்தால் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம், விற்பவரின் ஆதார், பான் நகல்கள் கையெழுத்தோடு, இரண்டு சாவி. டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதுங்கள். அன்று காலை விழுந்த சலான் யாருடையது என்ற தகராறு அந்த ஒரு வரியில் முடியும்.

சட்டப்படி விற்பவர் 14 நாளில் தகவல் தரவேண்டும், வாங்கியவர் 30 நாளில் விண்ணப்பிக்கவேண்டும். தள்ளிப்போட்டால் அபராதம். பெயர் மாற்றத்துக்கு அரசுக் கட்டணம் பெரிய தொகை இல்லை. புதுக் கடன் பதிவு சேர்ந்தால் அதற்கு 1,500 தனி. ஏஜென்ட்டிடம் கொடுத்தால் அரசு ரசீதுத் தொகை எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஆர்.சி. இப்போது விரைவுத் தபாலில்தான் வருகிறது. வாடகை வீட்டு முகவரியில் பகலில் ஆள் இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும்.

இன்சூரன்ஸை மறக்கிறவர்கள்தான் அதிகம். மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு வந்துவிடும், உங்கள் வண்டிக்கான சேதக் காப்பு வராது. 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றவேண்டும். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் அவருக்குச் சொந்தம். அந்த வித்தியாசத் தொகையை நீங்கள் கட்டவேண்டிவரும். 7,500 கிலோவுக்குள் உள்ள வாடகைச் சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022 அறிவிப்பின்படி 16,049 ரூபாய். சொந்தச் சரக்கு மட்டும் ஏற்றுவோருக்குப் பிரைவேட் கேரியர் என்ற வகை உண்டு, பிரீமியம் ஏறக்குறைய பாதிதான். அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு ஓட்டினால் கிளெய்ம் நிற்காது. பாலிசியில் ஐ.எம்.டி. 23 இருக்கிறதா கேளுங்கள். அது இல்லாவிட்டால் லைட், பம்பர், மட்கார்டு, பெயின்ட் சேதத்துக்குப் பணம் கிடையாது. சந்துக்குள் ஓடும் வண்டியில் அடிபடுவதே அவைதான். கூட வரும் ஹெல்பருக்கும் தொழிலாளர் காப்பு சேருங்கள், ஆண்டுக்குச் சிறு தொகைதான்.

10. வாங்கிய முதல் வாரம்

லோடு ஏற்றுமுன் என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், கியர் ஆயில், க்ரவுன் ஆயில் எல்லாம் மாற்றுங்கள். முன் ஓனர் ‘போன வாரம்தான் மாத்தினேன்’ என்றாலும் மாற்றுங்கள். பழைய டீசல் ஏஸில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் அதையும் போடுங்கள். ஓட்டத்தில் அறுந்தால் வால்வ் வளைந்து ஹெட்டையே இறக்கவேண்டிவரும். நான்கு சக்கர பிரேக்கையும் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக் ஆயில் மாற்றி, பட்டை பின்னுக்கெல்லாம் கிரீஸ் அடியுங்கள். இதற்கு எட்டு முதல் பன்னிரண்டாயிரம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் வண்டி விலையை முடிவுசெய்யவேண்டும்.

ஏணி ஸ்டாண்டு, டூல் பெட்டி போல்ட்டில் மாட்டுவதாக இருக்கட்டும். டெக்கின் உயரத்தைக் கூட்டுவது, பெட்டி கட்டுவது போன்ற மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி முதலில், வெல்டிங் பிறகு.

ஃபாஸ்டேக் பழைய ஓனர் பெயரில் இருந்தால் அவரைக்கொண்டு மூடச்சொல்லி, உங்கள் பெயரில் புதிதாக எடுங்கள். எடுக்கும்போது வண்டி வகை மினி எல்.சி.வி. (சின்னச் சரக்கு வண்டி) என்று பதிகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவறாகப் பெரிய வகையில் பதிந்துவிட்டால் பள்ளிகொண்டாவிலும் வாலாஜாவிலும் ஒவ்வொரு முறையும் கூடுதலாகப் பிடிக்கும், திரும்ப வாங்குவதற்குள் அந்த மாதம் முடிந்துவிடும்.